வீட்டுப் பற்றாக்குறைக்கு பில்டர்கள் சொல்ற பிளான்: இது யாருக்கு கட்டற வீடு?

கேள்வி (ஆகஸ்ட் 9, 2025)

நாட்டுல கோடிக்கணக்குல வீடு பத்தலன்னு சொல்றாங்க. கிரெடாய், நரெட்கோ மாதிரி பில்டர் சங்கங்க பட்ஜெட்டுக்கு பட்ஜெட் ஒரு பிளான் வெக்கறாங்க. 45 லட்சம் வரம்பை தூக்குங்க, மொத்த துறைக்கும் இன்ஃப்ரா அந்தஸ்து (ரோடு, பாலம் கட்டறவங்களுக்கு மாதிரி குறைஞ்ச வட்டில நீண்ட நாள் கடன் கெடைக்க வழி) குடுங்க, அப்ரூவல் எல்லாம் சிங்கிள் விண்டோல குடுங்க, வீட்டு லோன் வட்டிக்கு இருக்கற வரிச்சலுகைய ஏத்துங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்னு. இதுல தப்பு என்ன இருக்கு? நெறைய கட்டினா வெலை எறங்கத்தானே செய்யும்? கட்டட வேலைல இருக்கறவங்க யாராவது வெவரமா சொல்லுங்க.

ஆகஸ்ட் 9, இரவு 10.40

நான் அந்த வேலைலதான் இருக்கேன். தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் 22 வருஷமா எஸ்டிமேட் போடறேன், சின்ன பில்டர்களுக்கும் சொந்தமா வீடு கட்டறவங்களுக்கும். அப்பா கொத்தனார். அதனால இந்த விஷயத்துல என்னால தள்ளி நின்னு பேச முடியாது, மொதல்லயே சொல்லிடறேன்.

45 லட்சம்னா என்னன்னு மொதல்ல பாப்போம், நெறைய பேர் அத அரசு குடுக்கற பணம்னு நெனைக்கறாங்க. அது ஜிஎஸ்டிக்கான கோடு. 2019 ஏப்ரல்ல இருந்து, கட்டிட்டு இருக்கற ஃப்ளாட்ட வாங்கினா 5 சதவீதம் ஜிஎஸ்டி. வெலை 45 லட்சத்துக்குள்ள இருந்து, கார்பெட் ஏரியா, அதாவது சுவத்துக்கு உள்ள பொழங்கற எடம், சென்னை மாதிரி பெருநகரத்துல 60 சதுர மீட்டர், மத்த ஊர்ல 90 சதுர மீட்டருக்குள்ளயும் இருந்தா அது 'அஃபோர்டபிள்', 1 சதவீதம்தான். 60 சதுர மீட்டர்னா 600 சதுர அடி. ஆறு வருஷமா அந்தக் கோடு நகரல, நெலத்தோட வெலை மட்டும் எங்கயோ போயிடுச்சு. அதனால இப்ப கட்டற எதுவும் அந்தக் கோட்டுக்குள்ள வரல, கோட்ட மேல தூக்குங்கன்னு கேக்கறாங்க. 75ங்கறாங்க, 80ங்கறாங்க, கோடே வேணாம்னும் சொல்றாங்க.

அவங்க கேக்கறது அவங்களுக்கு நியாயம். ஆனா 80 லட்சம் வீட்டுக்கு அஃபோர்டபிள்னு பேர் வெச்சுட்டா பற்றாக்குறை எப்படி கொறையும்? எனக்கு இதுதான் நெஞ்ச அறுக்குது.

ஆகஸ்ட் 9, இரவு 11.25

மேல எழுதினத கணக்காவே போட்டு வெக்கறேன்.

80 லட்சம் வீடு. 20 சதவீதம், அதாவது 16 லட்சம் கைல இருந்து போடணும். மீதி 64 லட்சம் லோன். எட்டரை வட்டி, 20 வருஷம். மாசம் 55,500 ரூபா சொச்சம் தவணை.

எல்ஐஜி, அதாவது குறைந்த வருமானப் பிரிவுன்னு அரசாங்கமே வெச்சிருக்கற உச்சவரம்பு வருஷம் 6 லட்சம். மாசம் 50,000. அந்தக் குடும்பத்தோட மொத்த சம்பளத்தையும் அப்படியே தூக்கிக் குடுத்தாலும் தவணைக்கு அஞ்சாயிரத்து ஐநூறு துண்டு விழுது. இன்னும் அரிசி வாங்கல, ஸ்கூல் ஃபீஸ் கட்டல. இப்ப இருக்கற 45 லட்சத்தையே எடுத்துக்கோங்க, 36 லட்சம் லோனுக்கு மாசம் 31,200. அதுவே எட்டாது.

வட்டிக்கு வரிச்சலுகையும் இதே கதைதான். இப்ப பழைய வருமான வரி முறைல வருஷம் 2 லட்சம் வரைக்கும் வட்டிய கழிக்கலாம், அத ஏத்துங்கறாங்க. இந்த வருஷ பட்ஜெட்ல புது முறைல 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே கெடயாதுன்னு ஆகிப்போச்சு. மாசம் 50,000 வாங்கறவர் வரியே கட்டல, அவருக்கு கழிக்கறதுக்கு என்ன இருக்கு? சலுகை போய்ச் சேர்றது ஏற்கெனவே வாங்க முடிஞ்சவங்களுக்கு.

ஆகஸ்ட் 10, காலை

ரெண்டு திருத்தம். 60 சதுர மீட்டர்னா 646 சதுர அடி. ராத்திரி தூக்கக் கலக்கத்துல 600ன்னு எழுதிட்டேன். எஸ்டிமேட் போடறவன் அப்படி எழுதக்கூடாது, சுட்டிக்காட்டின தம்பிக்கு நன்றி.

ரெண்டாவது, நான் அடிக்கடி சொல்ற 1 கோடியே 88 லட்சம் வீடு பற்றாக்குறைங்கறது இந்தியா முழுக்க இல்ல, நகரங்கள்ல மட்டும். 2012ல அமிதாப் குண்டு தலைமைல மத்திய அமைச்சகம் போட்ட குழு சொன்ன கணக்கு அது. அதுலயே தமிழ்நாட்டு நகரங்களுக்கு மட்டும் 12 லட்சத்து 50 ஆயிரம். கிராமத்துக்கு தனிக் கணக்கு. பழைய கணக்குதான், ஆனா உள்ள பிரிச்சுக் காட்டினதால அத இன்னும் கையில வெச்சிருக்கேன்.

அந்தக் கணக்க ஒடச்சுப் பாருங்க. மொத்தத்துல 56 சதவீதம் ரொம்ப ஏழைக் குடும்பங்க, 40 சதவீதம் குறைந்த வருமானக் குடும்பங்க. நடுத்தரமும் அதுக்கு மேலயும் சேர்த்து 5 சதவீதம்கூட இல்ல. பில்டர் சங்கத்தோட பிளான் முழுக்க அந்த அஞ்சு சதவீதத்துக்கு. மீதி 95க்கு அதுல ஒரு வரி கெடயாது.

ஆகஸ்ட் 12

"அப்ப 1 கோடியே 88 லட்சம் பேர் ரோட்டுலயா இருக்காங்க?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நல்ல கேள்வி, இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்.

இல்ல. வீடே இல்லாதவங்க அதுல 5 லட்சத்து 30 ஆயிரம். இடிஞ்சு விழற பழைய வீட்டுல இருக்கறவங்க 22 லட்சத்து 70 ஆயிரம். சரி பண்ணவே முடியாத கச்சா வீடு (மண்ணு, ஓலை மாதிரி) 10 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. மீதி? 1 கோடியே 50 லட்சம் குடும்பம், நூத்துக்கு எண்பது, இவங்க எல்லாருக்கும் தலைக்கு மேல கூரை இருக்கு. ஆனா நெரிசல். நெரிசல்னா அந்தக் குழு வெச்ச அர்த்தம் என்ன தெரியுமா? கல்யாணம் ஆன ஒரு ஜோடிக்காவது தனியா ஒரு ரூம் இல்லாத வீடு.

இத மொதமொதல்ல படிச்சப்ப நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. ஏன்னா அது எங்க வீடு. திண்டிவனத்துக்குப் பக்கம், 1997ல அண்ணனுக்கு கல்யாணம் ஆச்சு. எங்களுக்கு இருந்தது ஒரு ரூம், அதுக்குப் பின்னாடி ஒரு ஆள் குனிஞ்சு சமைக்கற அளவுக்கு அடுப்படி, முன்னால திண்ணை. கல்யாணத்தன்னிக்கு ராத்திரி அப்பா ரூமுக்கு குறுக்கால ரெண்டு பக்க சுவத்துலயும் ஆணி அடிச்சு நைலான் கயிறு கட்டினாரு, அம்மா அவங்க கத்திரிப்பூ கலர் பொடவைய அதுல போட்டாங்க. அந்தப் பக்கம் அண்ணனும் அண்ணியும். அப்பா திண்ணைல. அம்மா அடுப்படில கால நீட்ட முடியாம. என்ன பக்கத்து வீட்டுக்கு படுக்க அனுப்பிட்டாங்க, பதிமூணு வயசுப் பையன் வேற எங்க போவான். மழை வந்தா அப்பா திண்ணைல சாக்க மடிச்சுப் போட்டு உக்காந்தே விடிய வெச்சிருவாரு, உள்ள வரமாட்டாரு. அண்ணி காலைல வெளிய வரும்போது யார் மூஞ்சியும் பாக்காது. யாரும் எதுவும் சொல்லல, ஆனாலும் பாக்காது.

ஊருக்கெல்லாம் வீடு கட்டினவரு எங்கப்பா. ரெண்டு வருஷம் ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமையா வேலை செஞ்சு மாடில ஒரு ரூம் எழுப்பினாரு. பத்துக்குப் பன்னெண்டு. வேலை பாத்த சைட்ல மிஞ்சின கம்பிய எடை போட்டு வாங்கிட்டு வருவாரு, ஓசில எடுக்க மாட்டாரு. தளம் போட்ட அன்னிக்கு சொந்தக்காரங்க பத்துப் பேர் வரிசையா நின்னு பாண்டு, அதான் கலவை சட்டி, கைமாத்தினாங்க, நானும் நின்னேன். மறுநாள் பாத்தி கட்டி தண்ணி நிறுத்தினப்ப அண்ணி வந்து அந்தத் தண்ணிய ஒரு கை அள்ளிப் பாத்துட்டுப் போச்சு.

அந்த ஆணி அடிச்ச ஓட்டை ரெண்டும் கீழ ரூம் சுவத்துல இன்னும் இருக்கு. நான் பூசவிடல.

அதனால பற்றாக்குறைனு சொன்னா என் கண்ணுக்கு அடுக்குமாடி வரமாட்டேங்குது, மாடில ஒரு ரூம்தான் வருது. அந்த 1 கோடியே 50 லட்சத்துல எத்தனையோ குடும்பத்துக்கு தேவை 120 சதுர அடி. பில்டர் பிளான்ல அந்த 120 சதுர அடி எங்கயுமே இல்ல.

ஆகஸ்ட் 12, மதியம்

யாரும் தப்பா நெனைக்க வேணாம், நெரிசல்ல இருக்கற எல்லாருக்கும் சொந்த மனை இருக்குன்னு நான் சொல்லல. வாடகை வீட்டுல நெரிசல்ல இருக்கறவங்க நெறைய. அவங்க மேல எழுப்ப முடியாது. அதுக்கு தனியா வர்றேன்.

ஆகஸ்ட் 15

மதுரைல இருந்து எழுதின அண்ணன் என்ன திருத்திட்டாரு, சரியாத்தான் சொல்றாரு. எந்தத் திட்டத்துலயும் ஒரு ரூமுக்கு எடமில்லங்கற மாதிரி நான் பேசினது தப்பு. 2015 ஜூன்ல வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல, நகரத்துக்கான பகுதில, இருக்கற வீட்ட பெருசாக்கிக்கவும் எடம் இருந்துச்சு. கொறஞ்சது 9 சதுர மீட்டர் கூட்டணும், ஒரு ரூமாவது வரணும்னு. 9 சதுர மீட்டர்னா 97 சதுர அடி, இந்த தடவ சரியா போட்டிருக்கேன். அந்தத் திட்டத்துல அனுமதி குடுத்த 1 கோடியே 10 லட்சத்துக்கு மேலான வீட்டுல பெரும்பகுதி பில்டர் கட்டினது இல்ல, சொந்த மனைல பயனாளி தானே கட்டிக்கிட்டது. நாட்டுல ஏழைக்கு வீடு கட்டினது யாருன்னு பாத்தா அந்தந்த வீட்டுக்காரரும் ஒரு மேஸ்திரியும்தான். அவங்களுக்கு சங்கம் கெடயாது, பட்ஜெட்டுக்கு முன்னாடி அவங்கள கூப்பிட்டு யாரும் கேக்கறதும் இல்ல.

ஆனா பட்டா வேணும். பட்டா இல்லன்னா அந்தப் படியே ஏற முடியாது. எங்கிட்ட வந்த மூணு குடும்பத்துல ரெண்டு அங்கயே நின்னு போச்சு.

ஆகஸ்ட் 17

பில்டர மட்டும் திட்டிட்டு போறது நியாயம் இல்லன்னு ஒரு நண்பர் சொன்னாரு, அவரு சின்ன பில்டர், எனக்கு வேலை குடுக்கறவரு. அவர் பக்கம் இருக்கறத முழுசா சொல்லிடறேன், ஏன்னா சிங்கிள் விண்டோங்கற கோரிக்கை நெசமாவே நியாயமானது.

நெலம் வாங்க 5 கோடி கடன்னு வெச்சுக்குவோம். பேங்க் நெலத்துக்கு லேசுல குடுக்காது, வெளிய வாங்கினா 15 சதவீதம். மாசம் 6 லட்சத்து 25 ஆயிரம் வட்டி. திட்ட அனுமதி, தீயணைப்பு, தண்ணி, கரண்ட்னு பத்து மாசம் இழுத்தா 62 லட்சத்து 50 ஆயிரம் வட்டியாவே போச்சு. அந்த எடத்துல 40 ஃப்ளாட் வந்தா ஒவ்வொண்ணு தலைலயும் ஒன்றரை லட்சத்துக்கு மேல. ஒரு செங்கல் வெக்கறதுக்கு முன்னாடி. கட்டறவன் கைல இருந்து இது போகல, வாங்கறவன் தவணைல ஏறுது. இந்த ஒரு கோரிக்கைக்கு நான் ரெண்டு கையும் தூக்குவேன்.

போன வருஷம் ஜூலைல தமிழ்நாடு சுய சான்று முறை கொண்டு வந்துச்சு இல்லயா, 2,500 சதுர அடி வரைக்கும் மனை, 3,500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமோ அதோட ஒரு மாடியோ. ஆன்லைன்ல பேப்பர ஏத்தி பணம் கட்டினா அனுமதி உடனே. எங்க வேலைல நான் பாத்ததுலயே பெரிய மாத்தம் அதுதான். அதுக்கு முன்னாடி ஒரு மாடி ரூமுக்கு எத்தனை நடை. அந்த நடைய மிச்சப்படுத்தினது ஏழைக்கு செஞ்ச நெசமான உதவி.

ஆகஸ்ட் 23

காலி வீடு பத்தி கேட்டிருந்தாங்க. 2011 சென்சஸ்ல நகரங்கள்ல 1 கோடியே 11 லட்சம் வீடு பூட்டிக் கெடந்துச்சு. பற்றாக்குறை ஒருபக்கம், பூட்டு ஒருபக்கம். "பேராசை"ன்னு ஒரே வார்த்தைல எழுதி, அப்புறம் அழிச்சிட்டேன்.

ஏன் அழிச்சேன்னா எங்க சித்தி வீடு ஞாபகம் வந்துச்சு. புறநகர்ல ரெண்டு பெட்ரூம், ரிட்டையர்மென்ட் பணத்துல வாங்கினது, நாலு வருஷமா பூட்டு. ஏன் வாடகைக்கு விடலன்னா "விட்டா காலி பண்ண மாட்டான்டா, கோர்ட்டுக்கு யார் அலையறது"ங்கறாங்க. 2017ல போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரில இருந்து நம்ம மாநிலத்துல நடைமுறைல இருக்கு, எழுதின ஒப்பந்தம், பதிவு, தனி நீதிமன்றம் எல்லாம் அதுல இருக்கு. சித்திக்கு அது தெரியல. வாடகைக்கு வர்றவருக்கும் தெரியல. பயம் ரெண்டு பக்கமும் இருக்கு. வாடகை வருமானமும் வருஷத்துக்கு வீட்டு வெலைல நூத்துக்கு ரெண்டோ மூணோதான் வருது, அதுக்கு எதுக்கு தலைவலின்னு பூட்டிடறாங்க.

இன்னொரு காலி வீடு இருக்கு, அது பாதில நின்னு போனது. 2019ல மத்திய அரசு 25,000 கோடில ஒரு நிதி ஆரம்பிச்சப்ப சொன்ன கணக்கு: 1,600 திட்டம், 4 லட்சத்து 58 ஆயிரம் வீடு பாதில நிக்குதுன்னு. இந்த வருஷ பட்ஜெட்ல அடுத்த கட்டமா 15,000 கோடி. அந்த வீட்டுக்கெல்லாம் யாரோ ஒருத்தர் தவணையும் கட்டி, குடியிருக்கற வீட்டுக்கு வாடகையும் கட்டிட்டு இருக்காங்க. புதுசா கட்ட சலுகை கேக்கறதுக்கு முன்னாடி இத முடிச்சுக் குடுக்கறோம்னு சங்கமே முன்வந்து ஒரு தேதி சொல்லலாம். கேட்டா சந்தோஷப்படுவேன்.

ஆகஸ்ட் 24

"டெக்னாலஜி வந்தா தீரும், ப்ரீகாஸ்ட் போட்டா வேகமா முடியும்"னு எழுதினவருக்கு. ஆமா, வேகமா முடியும். பெரும்பாக்கத்துல லைட் ஹவுஸ் திட்டம்னு 1,152 வீடு. 2021 ஜனவரி 1ல அடிக்கல், 2022 மே 26ல தெறப்பு. ஃபேக்டரில வார்த்த சுவத்தையும் தளத்தையும் கொண்டு வந்து கோத்து எழுப்பினது. மொத்தம் 116 கோடி, வீட்டுக்கு 10 லட்சம் சொச்சம். நான் ரெண்டு தடவ வேடிக்கை பாக்கவே போயிருக்கேன், கிரேன்ல ஒரு சுவரு ஆடாம எறங்கி பொருந்தறத பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. அப்பா பாத்திருந்தா ஒரு மணி நேரம் நின்னிருப்பாரு.

ஆனா அந்த 10 லட்சத்துல நெலத்தோட வெலை எங்க? அரசு நெலம். அதே வீட்ட தனியார் நெலத்துல வெச்சா 10 லட்சம் எத்தனை ஆகும்னு எஸ்டிமேட் போடற எவனும் சொல்லிடுவான். ப்ரீகாஸ்ட் கட்டுமானச் செலவையும் நாளையும் கொறைக்கும், நெலத்த கொறைக்காது.

இன்னொண்ணு, அது எங்க இருக்குங்கறது. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர், இதெல்லாம் ஊருக்கு நடுவுல ஆத்தோரத்துல இருந்தவங்கள கொண்டு வந்து வெச்ச எடம். கான்கிரீட் போடற நாள்ல நான் விடியக்காலம் அந்தப் பக்கம் போவேன். அஞ்சு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாப்புல பொம்பளைங்க கூட்டம் நிக்கும், கைல தூக்குவாளி, வீட்டு வேலைக்கு மயிலாப்பூர், அடையாறுன்னு போறவங்க. முன்ன நடந்து போன வேலை. குடிசை மாற்று வாரியம் 1970ல ஆரம்பிச்சப்ப கட்டின பழைய மூணு மாடி வீடுங்க பலது இருந்த எடத்துலயே எழும்பினது. சின்ன வீடுதான், ஆனா வேலை பக்கத்துல இருந்துச்சு. வீட்ட எண்ணும்போது பஸ்ஸையும் சேர்த்து எண்ணணும்.

செப்டம்பர் 4

நேத்து ஜிஎஸ்டி கவுன்சில்ல சிமென்ட் 28ல இருந்து 18க்கு எறங்கிடுச்சு, 22ம் தேதில இருந்து. காலைல இருந்து எனக்கு போன் மேல போன், "அண்ணே எஸ்டிமேட்ட மாத்திக் குடுங்க, எவ்வளவு கொறையும்"னு. வாட்ஸ்அப்ல ஒருத்தர் வீட்டு வெலை பத்து சதவீதம் எறங்கும்னு எழுதிட்டாரு. இல்லங்க.

மூட்டை 350ன்னு வெச்சுக்குங்க, வரியோட. வரி இல்லாம 273. அதுல 18 போட்டா 323. மூட்டைக்கு 27 ரூபா மிச்சம். சதுர அடிக்கு 0.4 மூட்டைங்கறது எங்க வாய்ப்பாடு, ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை. மொத்தம் 10,800 ரூபா. சதுர அடி 2,200ன்னு கட்டினா செலவு 22 லட்சம். அரை சதவீதம். நல்ல விஷயம்தான், வேணாம்னு யாரும் சொல்லல. பில்டருக்கு உள்ளீட்டு வரி, அதாவது பொருள் வாங்கறப்ப கட்டின வரி, திரும்பக் கெடைக்காததால அவருக்கும் இது நேரா மிச்சம். ஆனா பற்றாக்குறைக்கு மருந்துன்னு நீட்டி முழக்க வேண்டாம்.

செப்டம்பர் 7

வாடகைக்கு வர்றேன்னு சொன்னேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல சிப்காட், அதாவது மாநில அரசோட தொழிற்பேட்டை நிறுவனம், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கற குடியிருப்பு கட்டிருக்கு, 706 கோடி செலவு, போன வருஷம் ஆகஸ்ட்ல தெறந்தாங்க. கம்பெனிக்கு பக்கத்துலயே. ஆளுக்கு 4 லட்சத்துக்கும் கம்மி. வீடு "விக்கற" திட்டம் இல்ல, "தங்கற" திட்டம். இருபது வயசுல வேலைக்கு வர்ற பொண்ணுக்கு 20 வருஷ லோன் எதுக்கு? நல்ல கதவு, தண்ணி, வேலைக்கு நடந்து போற தூரம், இதானே கேக்குது. எல்லாருக்கும் ஹாஸ்டல் சரிப்படாது, குடும்பத்துக்கு வேற வேணும், ஆனா வாடகைக்குன்னே கட்டினா இவ்வளவு பெருசா கட்ட முடியுதுங்கறதுக்கு அது கண்ணு முன்னாடி நிக்குது. 2020ல மத்திய அரசும் குறைந்த வாடகைக் குடியிருப்புன்னு ஒண்ணு கொண்டு வந்துச்சு, போன வருஷம் வந்த ரெண்டாவது வீட்டு வசதித் திட்டத்துலயும் வாடகைக்கு ஒரு பிரிவு இருக்கு. பில்டர் சங்கத்துக்கு இதுல ஆர்வம் கம்மி. காரணம் எளிது, வித்தா பணம் மூணு வருஷத்துல திரும்புது, வாடகைன்னா இருவது வருஷம். அதுக்கு ஏத்த மாதிரி குறைஞ்ச வட்டில நீண்ட நாள் கடன் வேணும். இன்ஃப்ரா அந்தஸ்து கேக்கறாங்க இல்லயா, அஃபோர்டபிள் வீட்டுக்கு அது 2017லயே குடுத்தாச்சு, இப்ப வாடகைக்குன்னு கட்டற வீட்டுக்கு கேளுங்க, நானும் கையெழுத்து போடறேன்.

செப்டம்பர் 8

மேல அந்த "ஆளுக்கு 4 லட்சம்" கணக்க வீட்டு வெலையோட ஒப்பிடாதீங்க, அது ஒரு படுக்கைக்கு. ஒருத்தர் அப்படி ஒப்பிட்டுட்டாரு, என் எழுத்துதான் அப்படி படிக்க வெச்சுச்சு.

செப்டம்பர் 14

எங்க சைட்ல பன்னெண்டு வருஷமா சித்தாள் வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க. கூடுவாஞ்சேரிய தாண்டி உள்ள ஒன்றரை சென்ட் மனை, பட்டா அவங்க பேர்ல, 300 சதுர அடில ஒரு வீடு. மகனுக்கு வைகாசில கல்யாணம். "தம்பி, மேல ஒரு ரூம் போடணும், எவ்வளவு ஆகும்"னாங்க. நான் ஒண்ணும் கேக்கல, எனக்குத் தெரியும் ஏன்னு.

கடக்கால ஒரு மூலைல தோண்டிப் பாத்தேன், நாலடி எறங்கிருக்கு, சுவரு ஒம்பது இஞ்ச், ஒரு மாடி தாங்கும். ரூம், சின்ன பாத்ரூம், வெளிய படிக்கட்டு, எல்லாம் சேர்த்து 200 சதுர அடி. 4 லட்சத்து 40 ஆயிரம். பேங்க் போனோம். சம்பள சீட்டு கேட்டாங்க. சித்தாளுக்கு ஏது சம்பள சீட்டு? சனிக்கெழமை கைல குடுக்கற கூலி. வருமான வரி ரிட்டர்ன் இருக்கான்னாங்க. அந்த மேனேஜர குத்தம் சொல்ல முடியாது, மரியாதையாத்தான் பேசினாரு, அவருக்கு இருக்கற ரூல் அது. அக்கா வெளிய வந்து செருப்ப மாட்டிட்டே, "பன்னெண்டு வருஷத்துல எத்தனை வீட்டுக்கு கல்லு தூக்கிருப்பேன் தம்பி"ன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

கடைசில மகளிர் குழுல ஒண்ணரை லட்சம், மகன் சேத்து வெச்சது ஒண்ணு, மருமகப் பொண்ணு தன் வளையல குடுத்துச்சு, மீதிக்கு நம்ம மேஸ்திரி கூலிய தவணைல வாங்கிக்கறேன்னுட்டாரு.

கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான். 25 லட்சம் வரைக்கும் லோனுக்கு வட்டி மானியம் 1 லட்சத்து 80 ஆயிரம்னு ரெண்டாவது வீட்டு வசதித் திட்டத்துல இருக்கு, 35 லட்சத்துக்குள்ள வீடு வாங்கணும், நல்லது. 45 லட்சத்த 80 ஆக்கவும் ஆள் இருக்கு. ஆனா பட்டா இருக்கற, வாரக்கூலி வாங்கற ஒரு ஆளுக்கு 4 லட்சம் ரூபா பத்து வருஷத்துக்கு நியாய வட்டில குடுக்கற வழி எங்க? 1 கோடியே 50 லட்சம் நெரிசல் குடும்பத்துல மனை இருக்கறவங்களுக்கு தேவை அந்த ஒரு கடன், மனை இல்லாதவங்களுக்கு தேவை வாடகை வீடு. இந்த ரெண்டும் இல்லாத பிளான் எத்தனை லட்சம் யூனிட் கட்டினாலும் அது அந்த அஞ்சு சதவீதத்துக்கான பிளான்.

செப்டம்பர் 15

"நெறைய கட்டினா மேல இருக்கறவன் புது வீட்டுக்கு போவான், அவன் பழைய வீடு கீழ இருக்கறவனுக்கு வரும்"னு ஒருத்தர் நீளமா எழுதிருக்காரு. ரெண்டு நாளா யோசிக்கறேன். முழுசா தப்புன்னு சொல்ல முடியல. எங்க ஏரியாலயே பழைய ஃப்ளாட் வாடகை, பக்கத்துல புதுசு நெறைய வந்த வருஷம் ஏறாம நின்னது உண்மை. ஆனா அந்தப் புதுசுல எத்தனைல வெளக்கு எரியுதுன்னு ராத்திரி மொட்டை மாடில நின்னு பாத்தா பாதி இருட்டு. எங்க சித்தி வீடு மாதிரி. யாரும் குடி வராத வீடு யாரையும் நகர்த்தாது. பூட்டு தெறந்தா அவர் சொல்றது நடக்கும்.

செப்டம்பர் 28

சிமென்ட் கேட்டவங்களுக்கு: நாங்க வாங்கற கடைல 22க்கு முன்ன 345, நேத்து 320. வரி அளவுக்கு கிட்டத்தட்ட எறக்கிருக்காங்க. எம்-சாண்ட், கம்பி அப்படியேதான். அக்கா ரூமுக்கு 80 மூட்டை, ரெண்டாயிரம் மிச்சம். அந்த ரெண்டாயிரத்துல ஜன்னல இன்னும் ஒரு அடி அகலமா வெக்கச் சொல்லிட்டாங்க.

அக்டோபர் 26

சுய சான்றுல அனுமதி ஒரே நாள்ல வந்துச்சு, அத மொதல்ல சொல்லணும். சுவரு லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேல) தாண்டியாச்சு, சென்டரிங் (தளத்த தாங்கற பலகை) அடிச்சு கம்பியும் கட்டி வெச்சோம், அதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. மூணு நாளா கம்பி மேல தார்ப்பாய் போட்டு மூடிருக்கு. அக்கா தெனம் சாயங்காலம் ஏணில ஏறி தார்ப்பாய்ல தேங்கின தண்ணிய தள்ளி விட்டுட்டு எறங்கறாங்க, எறங்கச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாங்க. மழை விட்டா புதன்கெழமை தளம். கலவை மிஷினுக்கு சொல்லியாச்சு. நானும் போறேன், பாண்டு மாத்த ஆள் பத்தலன்னு மேஸ்திரி சொன்னாரு.